ரிப்போர்ட் நார்மல்... தலை மட்டும் சுத்துது

படவேடுன்னு சொன்னா பலருக்கும் ஞாபகம் வர்றது ரேணுகாம்பாள் கோயில்தான். திருவண்ணாமலை மாவட்டம், ஜவ்வாது மலை அடிவாரம். ஆடி வெள்ளிக்கிழமைன்னா ஊருக்குள்ள கால் வைக்க இடம் இருக்காது. மத்த நாள்ல வாழைத்தோப்பு, கமண்டல நதி, சுத்தி மலை, அவ்வளவுதான். 14-ம் நூற்றாண்டுல சம்புவராயர்களுக்குத் தலைநகரா இருந்த ஊருன்னு சொன்னா இப்போ பார்க்கறவங்க நம்ப மாட்டாங்க. கருவறையில அம்மன் சிரசா இருக்கறதால, தலை சம்பந்தப்பட்ட எதையும் அந்த ஊர்ல யாரும் லேசா எடுத்துக்க மாட்டாங்க. ஆனா இந்தப் பதிவு கோயிலைப் பத்தியும் இல்ல, ராஜாக்களைப் பத்தியும் இல்ல. காதுக்குள்ள இருக்கற ஒரு சமாச்சாரத்தைப் பத்தி.

அந்த ஊர் வாழைத்தோப்புகள்ல தார் வெட்டி, தலையில சுமந்து, வண்டி ஏத்தற ஒரு அம்மா. வயசு 46. பேர் வேண்டாம். ஒரு ஆடி மாசம் விடியக்காலையில எழுந்து உட்கார்ந்தவங்களுக்குத் திடீர்னு வீடே சுத்த ஆரம்பிச்சுடுச்சு. சுவரைப் பிடிச்சா சுவரும் சுத்துது. வாந்தின்னா வாந்தி, குடிச்ச தண்ணி கூட நிக்கல. கண்ணைத் திறந்தா இன்னும் மோசம். மாமியார் மஞ்சள் தண்ணி தெளிச்சாங்க. "ஆத்தா இறங்கியிருக்கா, ஆடியில எவளாவது நேர்த்திக்கடனை பாக்கி வைப்பாளா"ன்னு ஒரு திட்டு வேற. மூணாம் நாள் சுத்தல் குறைஞ்சது. காது நல்லாவே கேட்டுச்சு, வலி இல்ல, காய்ச்சலும் இல்ல. சரி, ஆத்தா மலையேறிட்டான்னு எல்லாரும் அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க.

ஆனா அந்த அம்மாவுக்கு மட்டும் ஒண்ணு சரியாகவே இல்ல. பகல்ல நடந்துடுவாங்க. பொழுது சாய்ஞ்சா வரப்புல நடக்க முடியாது. யாராவது கூப்பிட்டுச் சட்டுனு திரும்பினா, கண்ணு முன்னாடி இருக்கற மரமெல்லாம் கலைஞ்சு போய் ஒரு கணம் கழிச்சுத்தான் நிக்கும். ரெண்டு தடவை தாரோட விழுந்தாங்க. ஒரு தார் அடிபட்டா அதோட விலை போச்சு, வியாபாரி எத்தனை நாள் பொறுத்துப்பார்? வேலைக்குக் கூப்பிடறது குறைஞ்சுது. மெடிக்கல்ல கேட்டு வாங்கின தலைசுத்து மாத்திரையை தினம் ராத்திரி ஒண்ணு போட்டுக்கிட்டு அஞ்சு மாசம் ஓட்டினாங்க. அப்புறம் மகளுக்குத்தான் பொறுக்கல. டவுன்ல ஒரு சோதனை மையத்துல காதோட சமநிலையைப் பார்க்கற டெஸ்ட் எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டு, கையில இருந்த காசைச் சேர்த்துக் கூட்டிட்டுப் போனா.

டெஸ்ட் எடுத்தாங்க. ரிப்போர்ட் வந்துச்சு. நார்மல்!

இந்த 'நார்மல்' எப்படி வந்துச்சுங்கறதுதான் விஷயம். அதுக்கு முன்னாடி காதுக்குள்ள என்ன இருக்குன்னு கொஞ்சம் பார்த்துடலாம். கேட்கறதுக்கு மட்டும்தான் காதுன்னு நெனைச்சிட்டிருக்கோம். உள்காதுல ஒவ்வொரு பக்கமும் மூணு அரைவட்டக் குழாய், ரெண்டு சின்னப் பை இருக்கு. குழாய்க்குள்ள திரவம். தலையைத் திருப்பினா திரவம் கொஞ்சம் பின்தங்கும், அது அங்க இருக்கற மயிரிழை மாதிரியான உணர்வு செல்களைத் தள்ளும். பைகள்ல சுண்ணாம்புப் படிகங்கள் இருக்கு, அது புவியீர்ப்பையும் நேர்கோட்டு அசைவையும் சொல்லும். இந்தச் சேதி மூளைக்குப் போய், அங்கிருந்து கண்ணுக்குப் போகுது. தலை வலது பக்கம் திரும்பினா கண்ணு அதே அளவு இடது பக்கம் திரும்பிக்கும். சுமார் 10 மில்லிசெகண்டுக்குள்ள! அதனாலதான் பஸ் குலுங்கினாலும் எதிர்ல இருக்கற விளம்பரத்தை உங்களால படிக்க முடியுது. அந்த அம்மாவுக்கு மரம் கலைஞ்சு தெரிஞ்சதும் இந்த ஏற்பாடு ஒரு பக்கம் படுத்துட்டதாலதான்.

சிக்கல் என்னன்னா, அந்தக் குழாயை நேரடியா யாரும் தொட்டுப் பார்க்க முடியாது. கெட்டி எலும்புக்குள்ள புதைஞ்சிருக்கு. கண்ணோட அசைவைப் பார்த்துத்தான் காதைக் கணிக்கணும். கடையில சரக்கை எண்ணாம பில் புத்தகத்தை மட்டும் வச்சு இருப்பைக் கணக்கிடற மாதிரி. பில்லுல பிழைன்னா இருப்பும் பிழை.

இந்த வழியைத் திறந்து வச்சவர் ராபர்ட் பாரானி. 1876-ல வியன்னாவுல பிறந்தவர். காது அழுக்கு எடுக்கறதுக்காகத் தண்ணி பீய்ச்சும்போது நோயாளிகளுக்குத் தலை சுத்தறதையும், கண்ணு ஒரு பக்கமா வெட்டி வெட்டி இழுக்கறதையும் கவனிச்சார். ஒருத்தர் தண்ணி சூடு பத்தலைன்னு சொல்ல, சூடான தண்ணியை விட்டுப் பார்த்தா கண்ணு எதிர்ப்பக்கமா வெட்டுது! அப்போ சமாச்சாரம் தண்ணியில இல்ல, சூட்டுலன்னு பிடிச்சுட்டார். சூடு காதுக்குழாய் வழியா உள்ள பரவி, அரைவட்டக் குழாய்ல ஒரு பக்கத்துத் திரவத்தை லேசாக்குது, திரவம் நகருது, தலை சுத்தாமலே தலை சுத்தற மாதிரி மூளைக்குச் சேதி போகுது. குளிர்ச்சின்னா கண்ணு எதிர்ப்பக்கம் வெட்டும், சூடுன்னா அதே பக்கம். மருத்துவ மாணவர்கள் கோல்ட் ஆப்போசிட், வார்ம் சேம்னு முதல் எழுத்தையெல்லாம் சேர்த்து 'கௌஸ்'னு ஞாபகம் வச்சுக்கறாங்க, அதாவது மாடுங்க. :-)

1914-ம் வருஷத்துக்கான நோபல் பரிசு அவருக்கு. ஆனா அப்போ மனுஷன் ரஷ்யாவுல போர்க்கைதி. ஸ்வீடன் இளவரசர் கார்ல் செஞ்சிலுவைச் சங்கம் மூலமாத் தலையிட்டு, 1916-ல வெளியே வந்துதான் பரிசை வாங்கினார். இன்னொரு வேடிக்கை, 1983-ல ஸ்பேஸ்லேப் விண்கலத்துல இதே சோதனையை எடைங்கறதே உணர முடியாத நிலையில செஞ்சு பார்த்தாங்க. கனம் லேசுங்கற பேச்சே இல்லாத இடத்துல கண்ணு ஆடக்கூடாதே? ஆடுச்சு! அப்போ பாரானி சொன்னது முழுக் காரணம் இல்ல, வேற ஏதோவும் சேர்ந்திருக்குன்னு தெரிஞ்சுது. நூறு வருஷத்துக்கும் மேல பழசான சோதனை, இன்னும் ஆஸ்பத்திரியில நடக்குது, அதுவே இப்படி.

இப்போ செய்யற முறைக்கு அடிப்படை போட்டவங்க ஃபிட்ஸ்ஜெரால்டும் ஹால்பைக்கும், 1942-ல. உடம்புச் சூடு 37 டிகிரின்னு வச்சு, அதுக்கு 7 குறைச்சு 30, 7 கூட்டி 44. ரெண்டு காது, ரெண்டு சூடு, மொத்தம் நாலு தடவை. ஆளை மல்லாக்கப் படுக்க வச்சுத் தலையை 30 டிகிரி உயர்த்தணும், அப்பதான் பக்கவாட்டுக் குழாய் செங்குத்தா நிக்கும். தலையணை ஒண்ணு குறைஞ்சாலும் கோணம் மாறும், கோணம் மாறினா பதில் மாறும். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவுல அஞ்சு நிமிஷமாவது விடணும். வரிசையில இருபது பேர் உட்கார்ந்திருக்கற இடத்துல இந்த அஞ்சு நிமிஷம் என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல.

சரி, அந்த அம்மாவோட அன்னிக்குப் பயணத்துக்கு வருவோம்.

விடியக்காலை பஸ். அவங்களுக்கு முன்னல்லாம் பஸ் ஒத்துக்காதுன்னு கிடையாது, இந்தத் தலைசுத்து வந்த பிறகுதான். சந்தவாசல் தாண்டறதுக்குள்ள வாந்தி வந்துடும்னு பயந்து, கிளம்பும்போதே ஒரு அவோமின் போட்டுக்கிட்டாங்க. முந்தின ராத்திரி வழக்கமான மாத்திரையும் உள்ள போயாச்சு. ரெண்டுமே உள்காதுச் சேதியை அமுக்கற மருந்து. வாந்தி வராம தடுக்கறதே அந்த அமுக்கற வேலையோட ஒரு பங்குதான். அதையே போட்டுக்கிட்டு அந்தச் சேதியை அளக்கப் போனா எப்படி? அளக்கப் போற பொருளைப் பாதி மறைச்சு வச்சுட்டுத் தராசுல ஏத்தின கதை. இந்த மாதிரி மருந்துகளைச் சோதனைக்குப் பொதுவா 48 மணி நேரம் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க. (இதைப் படிச்சுட்டு யாரும் தானா நிறுத்திடாதீங்க. வலிப்பு, சர்க்கரை, பிரஷர், இதய மாத்திரையெல்லாம் டாக்டர் சொல்லாம நிறுத்தறது விபரீதம். தூக்க மாத்திரைய திடீர்னு நிறுத்தறதும் அப்படித்தான்.) பீட்டாஹிஸ்டின்னு ஒரு மாத்திரை இருக்கு, தலைசுத்துக்கு அதிகமா எழுதறது. அதை நிறுத்தணுமா வேண்டாமான்னு சோதனைக்கூடத்துக்குச் சோதனைக்கூடம் வேற வேற மாதிரி சொல்வாங்க.

அந்த அம்மாகிட்ட மாத்திரையைப் பத்தி யாரும் கேட்கலையாம். கேட்டாங்களோ, இங்கிலீஷ் தாள்ல இருந்துச்சோ, தெரியல. கேட்டிருந்தாலும் பஸ் மாத்திரையை மாத்திரைன்னு அவங்க சொல்லியிருப்பாங்களா? அது பெட்டிக்கடையில கேட்டாக்கூட ரெண்டு கிடைக்கற சாமானாச்சே.

குடிக்கறவங்க கதை தனி. சாராயம் ரத்தத்தை விட லேசானது. உள்காதுல அந்தச் செல்களைத் தாங்கற ஜவ்வுக்குள்ள முதல்ல ஊறி, அதை மிதக்க விட்டுடும். ராத்திரி படுத்தா கூரை சுத்தறது இதனாலதான். மணிக்கணக்கு கழிச்சு அது வெளியேறும்போது எதிர்ப்பக்கமா இன்னொரு ரவுண்டு. முந்தின ராத்திரி அடிச்சவரைக் காலையில படுக்க வச்சுச் சோதிச்சா, இல்லாத நோயெல்லாம் கண்ணுல தெரியும்.

அடுத்தது மை. டவுனுக்குப் போறோமேன்னு மகள் அம்மாவுக்குத் தலை வாரி, பூ வச்சு, கண்ணுக்கு நல்லா மை தீட்டி விட்டிருக்கா. ஆசைதான். ஆனா இப்பல்லாம் கண்ணசைவை அளக்கறது ஒரு மூடின கண்ணாடி. இருட்டுக்குள்ள அகச்சிவப்பு வெளிச்சத்துல கேமரா கண்ணைப் படம் பிடிக்கும். படத்துல எது ரொம்பக் கறுப்போ அதுதான் பாப்பான்னு கம்ப்யூட்டர் நெனைச்சுக்கும். மையும் கறுப்புதானே! இமை ஆடும்போதெல்லாம் கண்ணு குதிச்ச மாதிரி கோடு விழும். அங்க இருந்த பெண் ஈரப்பஞ்சால துடைச்சு விட்டாங்க, கண்ணீரோட சேர்ந்து இன்னும் பரவுச்சு.

கண்ணாடி ஏன் மூடியிருக்கணும்னா, எதையாவது ஒரு புள்ளியைப் பார்த்துட்டா கண்ணு ஆடறதை மூளை நிறுத்திடும். சினிமா ஒளிப்பதிவு மாதிரி வெளிச்சம் உள்ள கசியக்கூடாது. மூக்கோரத்துல ஒரு சின்னக் கசிவு போதும், பாதி அசைவு காணாமப் போயிடும்.

பிறகு காது. நம்ம ஊர்ப் பழக்கம், காது குடைஞ்சா ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். அந்த அம்மாவுக்கு வலது காதுல குடைச்சல் ஜாஸ்தி, எண்ணெய் போறதும் அங்கதான் ஜாஸ்தி. அழுக்கும் எண்ணெயும் சேர்ந்து உள்ள கட்டியா உட்கார்ந்திருந்துச்சு. "கொஞ்சம் அழுக்கு இருக்கு"ன்னு பார்த்துட்டுச் சொன்னாங்களாம், எடுக்கல. 44 டிகிரி தண்ணி அந்த அடைப்பைத் தாண்டிப் போய்ச் சேரும்போது என்ன சூடு இருக்கும்? மிஷின்ல 44-னு காட்டும். காதுக்குள்ள காட்டறதுக்கு மிஷின் இல்ல. சிலருக்குக் காதுக்குழாயே குறுகலா வளைஞ்சிருக்கும், அங்கயும் இதே கதி. காது ஜவ்வுல ஓட்டை இருந்தா தண்ணி விடவே கூடாது. காத்து விட்டுப் பார்க்கலாம், ஆனா உள்ள ஈரம் இருந்தா சூடான காத்து அந்த ஈரத்தை ஆவியாக்கிக் குளிர வச்சுடும். மண்பானைத் தண்ணி குளிர்ற அதே விஷயம். அப்போ சூட்டுக்கு வர வேண்டிய பதில் குளிருக்கு வர்ற மாதிரி தலைகீழா வரும்.

கடைசியா தூக்கம். அவோமின் போட்டா தூக்கம் வரும்னு எல்லாருக்கும் தெரியும். விடியக்காலையில எழுந்தது, சாப்பிடாதது, இருட்டுக் கண்ணாடி, பெட்டுல படுக்கை... கேட்கணுமா? மனசு தூங்கிட்டா கண்ணும் அடங்கிடும், காது எவ்வளவு கத்தினாலும். அதனால சோதனை நடக்கும்போது நோயாளியை ஏதாவது யோசிக்க வச்சுக்கிட்டே இருக்கணும். பேர் சொல்லச் சொல்லலாம், கணக்குக் கேட்கலாம். அன்னிக்கு அந்த அம்மாகிட்ட கேட்டது, 100-ல இருந்து ஏழு ஏழாக் குறைச்சுட்டு வாங்கன்னு, அதுவும் பாதி இங்கிலீஷ்ல. தார் எண்ணி, சீப்பு எண்ணி, கூலிக் கணக்கை விரல்லயே போடறவங்கதான். ஆனா அந்தக் கேள்வி புரியல. புரியலைன்னு சொல்ல வெட்கம். சும்மா படுத்திருந்தாங்க. மூணாவது தண்ணிக்கு லேசாக் கண்ணசந்துட்டாங்களாம்.

இப்போ ரிப்போர்ட். வலது காதுல சூடு, குளிர் ரெண்டுக்கும் கண்ணு நகர்ந்த வேகத்தைக் கூட்டினா நொடிக்கு 13 டிகிரி. இடது காதுல 11. வித்தியாசம் 2, மொத்தம் 24. வித்தியாசத்தை மொத்தத்தால வகுத்தா 8 சதவீதம். இது ஜாங்கீஸ் சூத்திரம், 1962-ல இருந்து புழக்கத்துல இருக்கு. பொதுவா 20 அல்லது 25 சதவீதத்துக்கு மேல போனாத்தான் ஒரு பக்கம் பலவீனம்னு எழுதுவாங்க. எட்டுதானே? நார்மல்.

வணிகவியல் படிக்கறவங்க இங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். இருப்பாய்வுல பற்றும் வரவும் ரெண்டு பக்கமும் கூட்டு சரியா வந்துட்டா கணக்கு சரின்னு நெனைக்கக் கூடாதுன்னு பிளஸ் ஒன்லயே சொல்லிக் கொடுத்தாங்க இல்லையா? ஈடுசெய் பிழைன்னு ஒண்ணு வரும். ஒரு பிழையை இன்னொரு பிழை சரிக்கட்டிடும், கூட்டுல எதுவும் தெரியாது. பரிட்சைக்கு ரெண்டு மார்க் கேள்வி. அந்த அம்மாவோட காதுல நடந்தது அதேதான். இடது காது நிஜமாவே பலவீனம். வலது காது நல்ல காது, ஆனா அடைப்பு அதோட பதிலைப் பாதியாக்கிடுச்சு. ரெண்டும் ஏறக்குறைய சமமாயிடுச்சு. போதாததுக்கு மாத்திரையும் தூக்கமும் ரெண்டு பக்கத்தையும் சேர்த்துக் குறைச்சுடுச்சு. சதவீதம் மட்டும் பார்க்கறவங்களுக்கு 13-ம் 11-ம் எவ்வளவு சின்ன எண்ணுங்கறது கண்ணுல படாது. ஆனா ரெண்டு காதும் செத்துப் போச்சுன்னு சந்தேகப்படற அளவுக்குச் சின்னதும் இல்ல. நடுவுல, எந்த மணியும் அடிக்காத ஒரு இடத்துல போய் உட்கார்ந்துடுச்சு.

ரெண்டு காதுமே சம அளவுல கெட்டுப் போனவங்களுக்கும் இந்தச் சூத்திரம் பூஜ்யம்தான் சொல்லும். ரெண்டு தட்டும் காலின்னாலும் தராசு நேராத்தானே நிக்கும்?

வீட்டுல என்ன ஆச்சுன்னா, வீட்டுக்காரருக்கு அந்தத் தாள் ஒரு தீர்ப்பு. "காசு கொடுத்து மிஷின்ல பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லன்னு போட்டிருக்கான். இன்னும் என்னா?" மாமியாருக்கு அப்பவே தெரியும், இது காது விஷயமே இல்ல, குலதெய்வ விஷயம். அக்கம்பக்கத்துல, "வேலை செய்ய வணங்கல, அதுக்கு ஒரு தலைசுத்து"ன்னு பேச்சு. அந்த அம்மாவே நம்ப ஆரம்பிச்சுட்டாங்க, தனக்குத்தான் மனசுல ஏதோ கோளாறுன்னு. ஒரு நாள் சாயங்காலம், சொல்லிட்டாங்களேன்னு வீம்புக்குத் தார் தூக்கிட்டு வரப்புல போய் விழுந்ததுல மணிக்கட்டு விரிசல். மாவுக்கட்டு போடத்தான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க.

அங்க, எப்படிம்மா விழுந்தீங்கன்னு கேட்ட ஒருத்தர் அவங்களைக் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினார். அங்க இருந்த டாக்டர் மிஷின் எதுவும் எடுக்கல. எதிர்ல உட்கார்ந்து, "என் மூக்கையே பாருங்க"ன்னு சொல்லி, ரெண்டு கையால தலையைப் பிடிச்சு, எதிர்பார்க்காத நேரத்துல சட்டுனு ஒரு சின்ன வெட்டு. வலது பக்கம் வெட்டினப்போ கண்ணு மூக்கு மேலயே நின்னுச்சு. இடது பக்கம் வெட்டினப்போ கண்ணு தலையோடயே போயிட்டு, அப்புறம் மூக்குக்குத் தாவி வந்துச்சு. மறுபடி செஞ்சார், மறுபடி அதேதான். மகளைப் பக்கத்துல கூப்பிட்டுக் காட்டினார், அவளுக்கே தெரிஞ்சுது. ஹல்மாகி, கர்தாய்ஸ்னு ரெண்டு பேர் 1988-ல எழுதின சோதனை இது. செலவு ஒரு பைசா கிடையாது.

அதுக்காக இதுவும் தப்பே செய்யாதுன்னு இல்ல. மெதுவாத் திருப்பினா ஒண்ணும் தெரியாது, நொடிக்கு 150 டிகிரிக்கு மேல வேகம் வேணும், தூரமோ 10, 20 டிகிரிதான். எந்தப் பக்கம்னு நோயாளி ஊகிச்சுட்டா கண்ணை முன்கூட்டியே தயார் பண்ணிப்பாங்க. கழுத்து வலி உள்ளவங்க இறுக்கிப் பிடிச்சுப்பாங்க. கண்ணு காது பழுதை மறைக்கறதுக்காகத் தலை திரும்பிக்கிட்டிருக்கும்போதே ஒரு தாவு தாவிடும், வெறும் கண்ணால பார்க்கற டாக்டருக்கு அது தெரியாது. அதனால 2009-ல இருந்து வேகக் கேமரா வச்ச கண்ணாடியும் வந்தாச்சு. ஆனா கண்ணாடி வார் தளர்ந்திருந்தா தலை வெட்டும்போது கண்ணாடியே வழுக்கும், கேமராவுக்குக் கண்ணு நகர்ந்த மாதிரி தெரியும். இறுக்கிக் கட்டினாத்தான் அளவு சரி. எண்ணெய் வச்ச தலையில வார் எப்படி நிக்கும்னு அந்த டெக்னீஷியன்களைத்தான் கேட்கணும்.

இன்னொண்ணு, ரெண்டு சோதனையும் ஒரே கேள்வியைக் கேட்கல. தண்ணிச் சோதனை ரொம்ப ரொம்ப மெதுவான அசைவுக்குச் சமம், ஒரு ஆட்டம் முடிய அஞ்சு நிமிஷம் எடுக்கற மாதிரி. தலையை வெட்டற சோதனை நடக்கும்போது, ஓடும்போது வர்ற வேகம். மெனியர் நோய் உள்ள பலருக்குத் தண்ணிச் சோதனை கெட்டிருக்கும், வெட்டற சோதனை நல்லா இருக்கும். அங்க ரெண்டுல ஒண்ணு பொய்னு அர்த்தமில்ல. சுண்ணாம்புப் படிகம் இடம் மாறிக் குழாய்க்குள்ள விழுந்தவங்களுக்கு ரெண்டுமே நல்லா இருக்கும். அவங்களைத் தலையைத் தொங்கவிட்டுப் படுக்க வச்சுப் பார்க்கணும், 1952-ல டிக்ஸும் ஹால்பைக்கும் சொன்ன முறை. அதுலயும் ஒரு தடவை செஞ்ச உடனே மறுபடி செஞ்சா கண்ணு சோர்ந்து ஆடாது. முதல் தடவை சரியாப் பார்க்காத ஆளுக்கு ரெண்டாவது தடவை 'நார்மல்'. கண்ணை மூடிக்கிட்டு நின்ன இடத்துலயே மிதிக்கச் சொல்ற சோதனை ஒண்ணு உண்டு, ஃபுகுடா 1959-ல சொன்னது. நல்லா இருக்கறவங்களே அதுல பல பேர் திரும்பிடுவாங்க, அதை மட்டும் நம்பி எதையும் முடிவு பண்ண முடியாது.

அந்த டாக்டர் செஞ்ச முதல் வேலை வலது காது அழுக்கை எடுத்தது. ரெண்டாவது, மாத்திரையை நிறுத்தச் சொன்னது. முதல் சில நாள் தவிர, மாசக்கணக்குல அதைச் சாப்பிட்டா மூளை ஒரு காதை வச்சே சமாளிக்கக் கத்துக்கறதைத் தாமதப்படுத்தும்னு விளக்கினார். அஞ்சு மாசம் தினம் ராத்திரி போட்டது இதைத்தான். மறு சோதனைக்கு எழுதிக் கொடுத்தார், ஒரு சின்னத் தாள்ல தமிழ்லயே: ரெண்டு நாள் முன்னாடி மாத்திரை கூடாது, பஸ் மாத்திரையும் கூடாது, கண் மை கூடாது, காலையில ரெண்டு இட்லிக்கு மேல வேண்டாம், வரும்போது கூட ஆள் வரணும்.

ஆக ரெண்டாவது தடவை பஸ்ல கையில ஒரு பையோட, ஜன்னலோரமா, ரெண்டு தடவை வாந்தி எடுத்துக்கிட்டே போய்ச் சேர்ந்தாங்க. முகம் வெறுமையா இருக்கறது மகளுக்குப் பிடிக்கல, ஆனாலும் மை டப்பாவை வீட்டுலயே விட்டுட்டா. இது வேற இடம். சோதனை எடுத்தவர் நடுவயசு ஆள், பேச்சுக்காரர். தண்ணி விட்டு நிறுத்தினதும், "என்ன வேலைம்மா பார்க்கறீங்க?"ன்னு கேட்டார். வாழைன்னாங்க. "எத்தனை வகை வாழை இருக்கு, ஒண்ணொண்ணாச் சொல்லுங்க, நிறுத்தாம." பூவன், ரஸ்தாளி, மொந்தன், கற்பூரவள்ளி, ஏலக்கி, செவ்வாழை, நேந்திரன், பச்சநாடன்... உலகம் சுத்தறப்பவும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அடுத்த காதுக்கு, படவேட்டுல இருந்து வந்த வழியில இருக்கற ஊரெல்லாம். அதுக்கடுத்தது, எந்த வியாபாரி எவ்வளவு பாக்கின்னு. அதுல அவர் நிறுத்தச் சொன்ன பிறகும் அந்த அம்மா நிறுத்தலையாம். :-)

வலது 48. இடது 20. வித்தியாசம் 28, மொத்தம் 68. 41 சதவீதம், இடது பக்கம் பலவீனம். அந்த ஆடி மாசத்துல நடந்தது உள்காது நரம்பு அழற்சியா இருக்கணும்னு டாக்டர் எழுதினார். அதுக்கு இப்போ மருந்து இல்ல, பயிற்சிதான். கட்டை விரலை முகத்துக்கு நேரா நீட்டி, அதையே பார்த்துக்கிட்டுத் தலையை மட்டும் இட வலமா ஆட்டணும். முதல்ல மெதுவா, அப்புறம் வேகமா. உட்கார்ந்து, நின்னு, கடைசியா நடந்துக்கிட்டே. செய்யும்போது கொஞ்சம் சுத்தத்தான் செய்யும், அப்பதான் மூளைக்குப் பாடம்.

வீட்டுக்காரர் இந்தத் தாளையும் படிச்சார். இங்கிலீஷ் புரியாட்டியும் 41-ங்கற எண்ணு புரிஞ்சுது. பழைய தாள்ல இருந்த எட்டையும் எடுத்து வச்சுப் பார்த்துட்டு, "அதே காதுதானே?"ன்னு மகளைக் கேட்டார். அதே காதுதான்னா. அதுக்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கல. தார் தூக்கற வேலைக்கு இப்போதைக்குப் போக வேண்டாம், சீப்பு அறுத்து அடுக்கற வேலை பாருன்னு அவரே போய் வியாபாரிகிட்ட பேசிட்டு வந்தார்.

மாமியார் மட்டும் இன்னும் அம்மன் கட்சிதான். தினம் சாயங்காலம் மருமகள் வாசல்ல நின்னு, விரலை நீட்டிக்கிட்டுத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டறதைப் பார்க்கற பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் அவங்கதான் விளக்கம் சொல்றாங்க.